நாலாயிரம் ரூவாய்க்கு ஃபர்ஸ்ட் இயர் லா: எத வாங்குறது, எத விடுறது

சித்தி பொண்ணு இந்த வருஷம் திருச்சியில மூணு வருஷ எல்.எல்.பி. சேந்திருக்கா. சேந்து நாலு நாள் ஆகல, போன் வந்துருச்சு. "ண்ணே, அப்பா நாலாயிரம் குடுத்துருக்காரு, இனிமே குறுவை அறுத்து காசு வந்தாத்தான் அடுத்ததாம், இதுல என்னென்ன புக் வாங்கட்டும்?" அதுக்குள்ள ஆளாளுக்கு ஒண்ணு சொல்லி கொழப்பி வெச்சிருக்காங்க. ஒருத்தர் தடி புக்கா வாங்குனாத்தான் லாயர்ங்கறாரு, ஒரு சீனியர் என் நோட்ஸ ஜெராக்ஸ் எடுத்துக்க வேற ஒண்ணும் வேணாங்கறாரு, ஹாஸ்டல்ல கூட இருக்குற பொண்ணு ஏதோ ஆப்புக்கு வருஷ சந்தா கட்டிருக்காம், தெருவுல இருக்குற வக்கீல் குமாஸ்தா ஒருத்தரு கைடு வாங்கும்மா பாஸ் ஆயிரலாம்னுட்டு போய்ட்டாரு.

அவகிட்ட சொன்னத கொஞ்சம் விரிவா இங்க எழுதுறேன், ஏன்னா இதே கேள்விய வருஷா வருஷம் யாராச்சும் கேட்டுகிட்டுத்தான் இருக்காங்க. நான் உரக்கடையில ஆறு வருஷம் கணக்கு எழுதிட்டு அப்புறமா லா சேந்தவன், பாபநாசத்துலேந்து பாசஞ்சர்ல திருச்சிக்கு போய்ட்டு வர்றவன், இப்ப கடைசி வருஷம். முதல் வருஷம் எத எத வாங்கி வீணாக்குனேன்னு நல்லா ஞாபகம் இருக்கு. என் கணக்குப்படி மொதல்ல பேர் ஆக்ட், அதாவது வெளக்கவுரை எதுவும் இல்லாம சட்டத்த மட்டும் அப்படியே அச்சடிச்ச புக், வாங்கணும். மத்தது எதுவா இருந்தாலும் அது நம்மள பேர் ஆக்ட் பக்கம் தள்ளுதா, இல்ல பேர் ஆக்டே வேணாம்னு தூங்க வைக்குதானு பாத்து வாங்கணும். அவ்வளவுதான் என் கட்சி.

எல்லா பேப்பரையும் பேசுனா விடிஞ்சிரும், அதனால காண்ட்ராக்ட்ட வெச்சே பேசுறேன். முதல் வருஷத்துல ஆள பதம் பாக்குறது அதான். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872. வந்த புதுசுல 266 செக்‌ஷன், அதுல சரக்கு விற்பனை பத்துன 76லேந்து 123 வரைக்கும் 1930ல தனிச் சட்டமா போயிருச்சு, கூட்டு வியாபாரம் பத்துன 239லேந்து 266 வரைக்கும் 1932ல பார்ட்னர்ஷிப் சட்டமா போயிருச்சு. பொதுக் கொள்கை பூரா முதல் 75 செக்‌ஷன்ல அடங்கிருது. எழுபத்தஞ்சு! நம்ம ஊர் டீக்கடையில காலையில பேப்பர் படிக்கிற நேரத்துக்கு நாளைக்கு மூணு செக்‌ஷன் படிச்சாக்கூட ஒரு மாசத்துல முடிஞ்சிரும். ஆனா யாரும் படிக்கிறதில்ல, நானும் முதல் ஆறு மாசம் படிக்கல.

ஏன் படிக்கலன்னா பேர் ஆக்ட் பாக்க ஒல்லியா இருக்கும், இங்கிலீஷ் பழைய காலத்து இங்கிலீஷ், ஒரு வாக்கியம் அஞ்சு வரி ஓடும், வெளக்கம் ஒண்ணும் இருக்காது, இதுல என்ன இருக்கப்போவுதுன்னு தோணும். உள்ள என்ன இருக்குன்னு ஒரு உதாரணம் சொல்றேன். செக்‌ஷன் 2(டி), கன்சிடரேஷன்னா என்னன்னு சொல்றது, தமிழ்ல மறுபயன். ப்ராமிஸ் பண்ணுனவர் கேட்டுகிட்டபடி, ப்ராமிஸ் வாங்குனவரோ "இல்ல வேற எந்த ஆளோ" ஒண்ண செஞ்சிருந்தா, அது மறுபயன்னு போட்டுருக்கும். இந்த "வேற எந்த ஆளோ"ங்கறது படிக்கும்போது கண்ணுக்கே தெரியாது. ஆனா இங்கிலாந்து சட்டத்துல அது கெடையாது, அங்க ப்ராமிஸ் வாங்குனவன் தான் ஏதாச்சும் குடுத்துருக்கணும். இந்த ரெண்டு மூணு வார்த்தைய வெச்சு நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட்ல ஒரு கேஸ் நின்னுருக்கு, சின்னையா எதிர் ராமையா, 1882. ஒரு வயசான அம்மா நிலத்த மகளுக்கு தானமா எழுதி குடுக்குது, என் கூடப்பொறந்த வகையில வருஷா வருஷம் 653 ரூவா குடுத்துரணும்னு சொல்லி. மகளும் அன்னிக்கே அவங்களுக்கு குடுக்குறேன்னு தனியா எழுதி குடுக்குறா. நிலம் கைக்கு வந்ததும் குடுக்க மாட்டேங்கறா, கேட்டா எனக்கு நீங்க என்ன குடுத்தீங்க, நிலம் குடுத்தது எங்கம்மாதானேங்கறா. கோர்ட்டு, அம்மா குடுத்ததே போதும், மறுபயன் யாருகிட்டேந்து வந்தாலும் செல்லும்னு சொல்லிருச்சு.

இத கேட்டா லா படிக்காத எங்க அத்தைக்கே புரியும், ஏன்னா நம்ம பக்கம் தான செட்டில்மென்ட்ல இந்த மாதிரி "தம்பிக்கு வருஷம் பத்து மூட்டை அளந்துரணும்"னு எழுதாத வீடு கம்மி. கைடுல இந்த கேஸ் ரெண்டு வரில இருக்கும், மறுபயன் மூணாம் ஆள்கிட்டேந்து வரலாம்னு. மனப்பாடம் பண்ணிரலாம். ஆனா எந்த வார்த்தையில அது தொங்கிகிட்டு இருக்குன்னு பேர் ஆக்ட்ட தொறந்து வெச்சாத்தான் தெரியும், பரீட்சையில கேள்விய கொஞ்சம் திருப்பி போட்டா மனப்பாடம் பண்ணவன் திருதிருன்னு முழிப்பான்.

இன்னொண்ணு, கைடு காரங்க இடத்த மிச்சம் பண்ண வெட்டி எறியிற இல்லஸ்ட்ரேஷன், அதாவது சட்டத்துலயே போட்டுருக்குற உதாரணம், எல்லாம் பேர் ஆக்ட்ல முழுசா இருக்கும். செக்‌ஷன் 29 எடுத்துக்கங்க, ஒப்பந்தத்துல சொன்னது என்னன்னே தெளிவு இல்லன்னா செல்லாதுன்னு. "நூறு டன் எண்ணெய்"னு சொன்னா செல்லாது, எந்த எண்ணெய்னு தெரியாதுல்ல. "ராம்நகர்ல இருக்குற என் களஞ்சியத்துல உள்ள தானியம் பூரா"னு சொன்னா செல்லும். ஆயிரம் மணங்கு அரிசி, வெல சி-ங்கற மூணாம் ஆள் சொல்றபடின்னாலும் செல்லும், நம்ம ஊர்ல கமிஷன் மண்டிக்காரர் சொல்ற வெலன்னு பேசி மூட்டை ஏத்துவாங்கல்ல, அந்த கதைதான். ஆனா என் வெள்ளக் குதிரைய ஐநூறுக்கோ ஆயிரத்துக்கோ தர்றேன்னா செல்லாது. செக்‌ஷன் 16ல, கிராமத்து வட்டிக்காரன்கிட்ட ஏற்கனவே கடன்பட்டவன் அநியாய வட்டிக்கு மறுபடி கடன் வாங்குனா, நான் அவன அமுக்கி வாங்கலன்னு நிரூபிக்கிற பொறுப்பு வட்டிக்காரன் தலையிலன்னு ஒரு இல்லஸ்ட்ரேஷன். 56ல முதல் இல்லஸ்ட்ரேஷனே, மந்திரம் போட்டு புதையல் எடுத்து தர்றேன்னு ஒப்பந்தம் பண்ணா செல்லாதுன்னு. 1872லயே எழுதி வெச்சிருக்கான், இன்னிக்கும் புதையல் பூஜைன்னு காசு குடுத்து ஏமாந்த செய்தி பேப்பர்ல வந்துகிட்டுத்தான் இருக்கு. பிராப்ளம் கொஸ்டின் எழுதும்போது இந்த இல்லஸ்ட்ரேஷன் ஒண்ண கொண்டு வந்து வெச்சா திருத்துறவங்களுக்கு நீங்க சட்டத்த தொட்டுருக்கீங்கன்னு தெரிஞ்சிரும்.

பேர் ஆக்ட்ல குறை இல்லாம இல்ல. தனியா அத மட்டும் வெச்சுகிட்டு உக்காந்தா முதல் மாசம் ஒண்ணும் ஓடாது, அது சத்தியம். காசு இல்லன்னா இந்தியா கோட்னு அரசாங்க சைட்லேந்து சும்மாவே எறக்கிக்கலாம், ஆனா எனக்கு போன்ல படிச்சா ஏறாது, கையில பென்சில் இருக்கணும், அச்சுப்புத்தகம் நூறு ரூவா கிட்டத்தான். படிப்பு முடிச்சு, வக்கீலா தொழில் பண்ண எழுதுற ஆல் இந்தியா பார் எக்ஸாம் போனாலும் அங்க கொண்டு போக விடுறது நோட்ஸ் இல்லாத பேர் ஆக்ட் மட்டும்தான், 2021லேந்து அப்படித்தான். அப்ப போய் மொதல்மொதலா புரட்டுறதுக்கு இப்பவே பழகிக்கலாம்.

சரி, டெக்ஸ்ட் புக். காண்ட்ராக்ட்டுக்கு பசங்க சொல்றது ரெண்டு பேரு, அவதார் சிங், பாங்கியா. நான் ரெண்டையும் வாங்குனேன், அதுதான் என் முதல் தப்பு. ரெண்டும் ஒரே சட்டத்தத்தான் சொல்லுது, ரெண்டையும் பாதி பாதி படிச்சு எதையும் முடிக்கல. என் அனுபவத்துல பாங்கியா இங்கிலீஷ் லேசு, தலைப்பு தலைப்பா பிரிச்சிருக்கும், தமிழ் மீடியத்துலேந்து வந்தவங்களுக்கு முதல் தடவ படிக்க நல்லாருக்கும். அவதார் சிங்ல கேஸ் நெறைய, ஜட்ஜு சொன்னத அப்படியே எடுத்து போட்டுருப்பாரு, ரெண்டாவது தடவ படிக்கும்போதுதான் ருசி தெரியும், முதல் வாரத்துல எடுத்தா மூடி வெச்சிருவீங்க. பிளஸ் டூ, டிகிரி ரெண்டும் இங்கிலீஷ் மீடியம்னா நேரா அவதார் சிங் போங்க. இல்லன்னா லேசானத வாங்குங்க, மத்தத லைப்ரரில பாத்துக்கலாம். இதுக்கும் மேல தடியா, வக்கீல் ஆபீஸ் அலமாரியில ரெண்டு வால்யூமா இருக்குற புக்கெல்லாம் முதல் வருஷத்துக்கு தேவையே இல்ல, வாங்கி வெச்சா வீட்டுக்கு வர்றவங்க பாத்து மெச்சுவாங்க, அவ்வளவுதான்.

இங்க ஒரு விஷயம் ரொம்ப முக்கியம், பழைய புக் வாங்குறவங்க கவனிங்க. நாம வெதநெல்லு வாங்கும்போது மூட்டையில தச்சிருக்குற சீட்டுல தேதி பாக்காம வாங்குவமா? புக்குக்கு மட்டும் எடிஷன் பாக்க மாட்டேங்குறோம். எந்த பேப்பருக்கு பழசு ஓடும், எதுக்கு ஓடாதுன்னு தெரிஞ்சா பாதி காசு மிச்சம். காண்ட்ராக்ட்டுல முதல் 75 செக்‌ஷன் பெருசா மாறல, பத்து வருஷத்துக்கு முந்துன புக்கா இருந்தாலும் ஓடும். ஆனா அதே புக்குக்கு பின்னாடி இருக்குற ஸ்பெசிஃபிக் ரிலீஃப் பகுதி ஓடாது, 2018ல திருத்தம் வந்து அந்த வருஷம் அக்டோபர் 1லேந்து நடைமுறையில இருக்கு, முன்னாடி ஒப்பந்தத்த அப்படியே நிறைவேத்தி வைக்கச் சொல்றது கோர்ட்டோட விருப்பத்துல இருந்துச்சு, இப்ப சட்டமே நிறைவேத்தித்தான் ஆகணும்ங்குற மாதிரி மாத்திருச்சு. பழைய புக்க நம்பி "கோர்ட் நெனச்சா பண்ணலாம்"னு எழுதுனா போச்சு.

டார்ட்ஸ்ல, அதாவது தீங்கியல்ல, முக்காவாசி இங்கிலீஷ் கேஸ் சட்டம், பழசு ஓடும், ஆனா அதுகூட வர்ற நுகர்வோர் பாதுகாப்பு பழைய 1986 சட்டமா இருந்தா கிழிச்சு போட்டுருங்க, 2019 சட்டம் 2020 ஜூலையிலேந்து நடக்குது. கிரைம்ஸ் பேப்பர்னா பழைய புக் தொடவே தொடாதீங்க. 1860ல வந்த ஐபிசிக்கு, அதாவது இந்திய தண்டனைச் சட்டத்துக்கு, பதிலா பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1லேந்து வந்தாச்சு, 511 செக்‌ஷன் இருந்தது 358 ஆயிருச்சு, கொலைக்கு தண்டனை 302ன்னு நாம சினிமா பாத்து வளந்தோம், இப்ப அது 103, நாலு இருபதுன்னு திட்டுவோமே அது 318க்குள்ள போயிருச்சு. அந்த தேதிக்கு முன்னாடி நடந்த குத்தத்துக்கு பழைய சட்டம்தான்ங்கறதால கோர்ட்ல ரெண்டும் ஓடிகிட்டு இருக்கு, அதனாலயே கொழப்பம் ஜாஸ்தி. பழைய புக் கடையில ஐபிசி புக்கெல்லாம் அம்பது ரூவாய்க்கு கொட்டி கெடக்குதுன்னா சும்மாவா கெடக்குது.

கைடு பத்தி பேசுவோம். கைடு கேவலம்னு சொல்ற ஆள் நான் இல்ல, பரீட்சைக்கு மொத வாரம் கைடு பொரட்டாத லா ஸ்டூடண்ட் யாருன்னு கைய தூக்கச் சொன்னா ஒரு கையும் எழும்பாது. கைடு எதுக்கு நல்லதுன்னா, பத்து மார்க் கேள்விக்கு எவ்ளோ எழுதணும், எந்த வரிசையில எழுதணும்னு அளவு தெரியும். அத ஜூலைல வாங்கி நவம்பர் வரைக்கும் அது ஒண்ணையே படிச்சா கேஸ் பேரு மட்டும் வாயில வரும், கேஸ்ல என்ன நடந்துச்சுன்னு கேட்டா வராது. லால்மன் சுக்லா கேஸ கைடுல ஒரு வரில போட்டுருப்பான், ஆஃபர் தெரியாம செஞ்சா ஏற்பு இல்லன்னு. கதைய முழுசா படிச்சா மறக்கவே மறக்காது: மொதலாளியோட சொந்தக்காரப் பையன் காணாமப் போயிட்டான், தேட கணக்குப்பிள்ளைய ஹரித்வார் அனுப்புறாரு, அவர் போனப்புறம் இங்க 501 ரூவா சன்மானம்னு நோட்டீஸ் அடிக்கிறாங்க, கணக்குப்பிள்ளை அது தெரியாமலே பையன கண்டுபிடிச்சு குடுத்துட்டு பின்னாடி சன்மானம் கேக்குறாரு, 1913ல அலகாபாத் ஹைகோர்ட் கெடையாதுன்னுருச்சு. நானும் கணக்குப்பிள்ளையா இருந்தவன்ல, அந்த ஆளுக்காக எனக்கு இன்னும் வயிறு எரியுது. கைடு வாங்குங்க, ஆனா செமஸ்டர் கடைசியில.

சீனியர் நோட்ஸ்ல நான் அடிபட்ட கதை இருக்கு. முதல் செமஸ்டர்ல கையெழுத்து முத்து முத்தா இருந்த ஒரு அக்காவோட நோட்ஸ எங்க செட்டு பூரா ஜெராக்ஸ் எடுத்தோம், பக்கம் ஒரு ரூவான்னு நூத்தி நாப்பது ரூவா. அதுல மைனர் போட்ட ஒப்பந்தம் "வாய்டபிள்"னு இருந்துச்சு, தமிழ்ல சொன்னா தவிர்க்கக்கூடியது. அது தப்பு. மொகரி பீபி எதிர் தர்மதாஸ் கோஷ், 1903, வெள்ளக்காரன் காலத்துல கடைசி அப்பீல் கோர்ட்டா இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், மைனர் சொத்த அடமானம் வெச்சு கடன் வாங்குனது, மைனர் போட்ட ஒப்பந்தம் அடியோட செல்லாதுன்னு தீர்ப்பு. அந்தக்கா எழுதும்போது கை தவறியிருக்கும், இல்ல அவங்களும் எங்கேந்தோ பாத்து எழுதுனதா இருக்கும். இன்டர்னல் பேப்பர் திருத்தி வந்தப்ப பதினோரு பேர் பேப்பர்ல அதே எடத்துல சிவப்பு வட்டம், சார் ஒரு வார்த்தை பேசல, சிரிச்சாரு, அதான் இன்னும் அவமானம். பேர் ஆக்ட்ல செக்‌ஷன் 11ஐயும் அந்த கேஸையும் ஒரு தடவ ஒத்து பாத்துருந்தா முடிஞ்சிருக்கும்.

அதனால நோட்ஸ் வாங்காதீங்கன்னு சொல்லல. சீனியர் நோட்ஸ்ல ஒரு லாபம், உங்க சார் எத அழுத்தி சொல்லுவாரு, எத தாண்டி போவாருங்கறது அதுல தெரியும், அது எந்த புக்லயும் கெடைக்காது. நோட்ஸ வாங்கி ஓரத்துல செக்‌ஷன் நம்பர நீங்களே போட்டுகிட்டே வாங்க, எந்த எடத்துல போட முடியலையோ அந்த எடம் சந்தேகம்னு அர்த்தம். ஜெராக்ஸ் சரியா தப்பான்னு ஒருத்தர் கேட்டாரு, அதுக்கும் கேஸ் இருக்கு, டெல்லி யூனிவர்சிட்டி வளாகத்துல ஜெராக்ஸ் கடை போட்டவர் மேல பெரிய பெரிய பப்ளிஷர் எல்லாம் போட்ட கேஸ், 2016ல டெல்லி ஹைகோர்ட் பாடத்துக்காக பகுதி பகுதியா தொகுத்து ஜெராக்ஸ் போடுறது காப்பிரைட் சட்டத்துல அனுமதிச்சதுதான்னு சொல்லிருச்சு. அதுக்காக முழு புக்க பைண்டிங் போட்டு வித்தா அது வேற கதை.

வீடியோ. எங்க தாத்தா, நம்ம தஞ்சாவூர் ஜில்லாக்காரர் முத்துசாமி ஐயர் மெட்ராஸ் ஹைகோர்ட்டோட முதல் இந்திய ஜட்ஜு, தெருவிளக்குல படிச்சவருன்னு சொல்லி சொல்லி என் காத புளிக்க வெச்சாரு. அவருக்கு வெளிச்சம் இல்லாத கஷ்டம், நமக்கு வெளிச்சத்துலேந்து கண்ண எடுக்க முடியாத கஷ்டம். கார்பாலிக் ஸ்மோக் பால் கேஸ், 1893, மருந்து உருண்டைய ரெண்டு வாரம் மோந்தும் காய்ச்சல் வந்தா 100 பவுண்டு தர்றோம், நம்பிக்கைக்கு 1,000 பவுண்டு பேங்க்ல போட்டுருக்கோம்னு கம்பெனி விளம்பரம் பண்ணுச்சே, அதெல்லாம் வீடியோவுல பாத்தா பத்து நிமிஷத்துல மண்டையில உக்காந்துரும், புக்ல நாலு பக்கம். தமிழ்ல சொல்றவங்களும் இப்ப நெறைய வந்துட்டாங்க. ஆனா பாத்தது புரிஞ்சிருச்சுங்குற நெனப்பு இருக்கே, அது ஆபத்து. பாத்து முடிச்சு பேப்பர எடுத்து அஞ்சு வரி எழுத முடியுதான்னு பாருங்க, எனக்கு முதல் தடவ ரெண்டு வரிக்கு மேல வரல.

காசு கட்டுற ஆப்பு வேணுமாங்கறா தங்கச்சி. வேணாம்னுட்டேன். ஜட்ஜு வேலைக்கு எழுதுற ஜுடிஷியல் சர்வீஸ் பரீட்சைக்கு பண்ணது தான் பாதி, முதல் வருஷ பாடத்தோட ஒட்டாது, அதுக்கு பதிலா அரசாங்கத்தோட பாட சைட்டான ஸ்வயம்ல, இ-பிஜி பாடசாலையில சும்மாவே கெடைக்குது. இ-பிஜி முதுகலைக்கு போட்டது, கொஞ்சம் கனம், ஆனா சந்தேகம் வந்த தலைப்ப மட்டும் எடுத்து படிக்கலாம்.

தீர்ப்பு படிக்க இந்தியன் கானூன்ங்குற வெப்சைட் இருந்தா போதும், சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு அந்த கோர்ட்டோட இ-எஸ்சிஆர் சைட்லயும் சும்மா. எல்லா தீர்ப்பையும் முழுசா படிக்காதீங்க, முதல் வருஷத்துல செமஸ்டருக்கு அஞ்சு தீர்ப்ப மட்டும் முழுசா படிங்க, மத்தத புக்ல பாத்துக்கலாம். நான் முதல்ல முழுசா படிச்சது சத்யபிரத கோஷ் எதிர் முக்னீராம் பாங்கூர், 1954, செக்‌ஷன் 56, அதாவது நிறைவேத்தவே முடியாம போன ஒப்பந்தம் செல்லாதுங்கறது, பத்துனது, போருக்காக நிலத்த சர்க்கார் எடுத்துகிட்டா மனைப்பிரிவு ஒப்பந்தம் செத்துருமான்னு கேள்வி, சாகலன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு. மூணு நாள் ஆச்சு, திருச்சி போற பாசஞ்சர்ல உக்காந்து. பூதலூர் தாண்டுறதுக்குள்ள ரெண்டு பாரா, அவ்வளவுதான் வேகம். ஆனா அதுக்கப்புறம் காவேரில தண்ணி வரல, குத்தகை நெல் அளக்க முடியாதுன்னா இந்த செக்‌ஷன் ஓடுமான்னு ரயில்ல எங்களுக்குள்ள பெரிய சண்டையே வந்துச்சு. அந்த சண்டையில படிச்சதுதான் இன்னிக்கு வரைக்கும் நிக்குது. காசு இல்லாத படிப்புச் சாமான்ல ஒசந்தது கூட வர்ற ரெண்டு மூணு ஆளுங்கதான், மாயவரத்துலேந்து ஒருத்தன், கும்பகோணத்துலேந்து ஒரு அக்கா, நான். ஆளுக்கு ஒரு கேஸ், சொல்லணும், மத்த ரெண்டு பேரும் மடக்கணும்.

ஏஐ பத்தி சொல்லாட்டி இந்த காலத்துல முழுசாகாது. கஷ்டமான செக்‌ஷன ஒட்டி "லேசா தமிழ்ல சொல்லு"ன்னா நல்லாத்தான் சொல்லுது, மறுக்கல. கேஸ் கேட்டேன் பாருங்க, அங்கதான். குத்தகை பத்தி மெட்ராஸ் ஹைகோர்ட் கேஸ் ஒண்ணு, வருஷம், வால்யூம், பக்கம் எல்லாம் போட்டு குடுத்துச்சு, தேடு தேடுன்னு தேடுறேன், அப்படி ஒரு கேஸே இல்ல. நான் பரவால்ல, 2023ல நியூயார்க்ல ரெண்டு வக்கீலுங்க அது குடுத்த பொய் கேஸ கோர்ட்லயே தாக்கல் பண்ணி 5,000 டாலர் அபராதம் வாங்குனாங்க. கேஸ் பேர் அதுகிட்ட கேக்காதீங்க, கேட்டாலும் இந்தியன் கானூன்ல கண்ணால பாக்காம எழுதாதீங்க. வேணும்னா நீங்க எழுதுன பதில ஒட்டி இதுல என்ன ஓட்டைன்னு கேளுங்க, அதுக்கு ஓரளவு பயன்படுது.

தமிழ்ல பரீட்சை எழுதுறவங்களுக்கு தனியா ஒண்ணு. தமிழ் புக் மட்டும் வெச்சு படிச்சா பின்னாடி தீர்ப்பு படிக்கும்போது நாக்கு தள்ளிரும், இங்கிலீஷ் மட்டும் படிச்சா பரீட்சையில வார்த்தை கெடைக்காது. ஒரு நோட்டுல நடுவுல கோடு போட்டு இந்தப் பக்கம் ஆஃபர் அந்தப் பக்கம் முனைவு, அக்செப்டன்ஸ் ஏற்பு, கன்சிடரேஷன் மறுபயன், மைனர் இளவர்னு தெனம் அஞ்சு வார்த்தை போட்டுகிட்டே வாங்க. இருபது ரூவா நோட்டு. எந்த கைடும் இதுக்கு ஈடாகாது, நெஜமா.

பழைய கேள்வித்தாள் கண்டிப்பா வேணும், அஞ்சு வருஷத்துது ஜெராக்ஸ் எடுத்தா நூறு நூத்தம்பது ரூவாதான், ஆனா அதுல கிரைம்ஸ் பேப்பர்ல ஐபிசி நம்பர் இருக்கும்கறத மறந்துராதீங்க.

அப்ப நாலாயிரத்துக்கு நான் போட்டு குடுத்த கணக்கு: காண்ட்ராக்ட், ஸ்பெசிஃபிக் ரிலீஃப், நியாய சன்ஹிதா, அரசியலமைப்பு, நாலு பேர் ஆக்டுக்கும் சேத்து 900க்குள்ள. காண்ட்ராக்ட் டெக்ஸ்ட் புக் பழசு 300. டார்ட்ஸ் 600, கூட வர்ற நுகர்வோர் சட்டம் மாறுனதால புதுசு. நோட்டு பேனா 300. கேள்வித்தாள் 150. ஆக 2,250. மிச்சம் 1,750ஐ முதல் இன்டர்னல் முடியிற வரைக்கும் தொடாதன்னு சொன்னேன். எந்த பேப்பர் நம்மள கடிக்குதுன்னு அப்பத்தான் தெரியும், அதுக்கு வாங்கிக்கலாம், எதுவும் கடிக்கலன்னா சித்தப்பாகிட்ட திருப்பி குடுத்துட்டா அவர் மயக்கம் போட்டு விழுந்துருவாரு.

நேத்து சாயங்காலம் பழைய புக் கடை வாசல்லேந்து மறுபடி போன் பண்ணா. காண்ட்ராக்ட் புக் கெடச்சிருச்சாம், 2013 எடிஷன், கடைக்காரர் 250 சொல்றாராம். பின்னாடி ஸ்பெசிஃபிக் ரிலீஃப் பகுதியில 2018ன்னு எங்கயாச்சும் இருக்கான்னு பாக்கச் சொன்னேன், 2013 புக்ல 2018 எப்படிண்ணே இருக்கும்னு சிரிக்கிறா. அதத்தான் கடைக்காரர்கிட்ட சொல்லி வெலய கொறன்னேன். அஞ்சு நிமிஷம் கழிச்சு 180க்கு முடிச்சிட்டேன்னு மெசேஜ் வந்துச்சு. கூடவே ஒரு போட்டோ, மஞ்சக்கலர் அட்டையில ஐபிசி கைடு, 40 ரூவாதானாம், எடுத்துக்கவான்னு. வெச்சிட்டு வான்னு அடிச்சு அனுப்பிட்டேன்.